பாலத்தடிக் காட்சி

மௌபான்
11 ஜூன் 1979

அன்புத் தம்பி எஃப்ரெனுக்கு,

நாங்கள் நலம். உன் படப்பிடிப்புக் கூட்டம் போய்ப் பத்து நாளாகியும் உன் அண்ணி நெனித்தா பூந்தொட்டிகளிலிருந்து சிகரெட் துண்டு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். திட்டிக்கொண்டேதான் பொறுக்குகிறாள், ஆனால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று புலம்புவதும் அவளேதான். உன் படத்தில் அந்த மணிலாக் குடும்பம் லீவுக்குக் கிராமத்துக்கு வந்து படுகிற பாட்டை நேற்றுக்கூட நினைத்துச் சிரித்தேன். அந்தப் பன்றி பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிய ஓட்டம்!

உன் நடிகர் டாடிங் தங்கமான மனிதர். மூன்று மாலை என்னோடு கொப்பரைக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். "பேசுங்கண்ணே, நீங்க பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்றார். இந்தத் திக்குவாயிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அவர் நடித்து நான் பார்க்கவே இல்லையே? கடைசி நாள் பாலத்தடியில் படம் பிடித்தபோது கயிறு வாங்கி வரச் சொல்லி என்னை டவுனுக்கு அனுப்பிவிட்டாய். வந்து பார்த்தால், ஏற்கெனவே ஒரு கட்டுக் கயிறு வண்டியில் கிடந்தது.

உன் அண்ணன்,
காசிமிரோ


கேசோன் சிட்டி
2 ஜூலை 1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். எடிட்டிங் அறையில்தான் சாப்பாடும் தூக்கமும். படம் இருபத்தேழாம் தேதி வெளியாகிறது. உங்கள் பக்கத்து லூசெனாவிலும் அன்றே போடுகிறார்கள். தயவுசெய்து அங்கே போய்ப் பார்க்க வேண்டாம். உங்களையும் அண்ணியையும் இங்கே அழைத்து வந்து என் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுகிறேன். டாடிங்கின் காட்சி ஒன்று இருக்கிறது. அதைப்பற்றி உங்களிடம் முன்கூட்டிக் கொஞ்சம் பேச வேண்டும். கடிதத்தில் சரியாக வராது.

கயிறு விஷயம் எனக்கு ஞாபகமில்லை.

அன்புடன்,
எஃப்ரென்


மௌபான்
3 ஆகஸ்ட் 1979

எஃப்ரென்,

போய்விட்டோம். ஊரே ஜீப்னி வண்டி பிடித்துக் கிளம்பும்போது, டைரக்டரின் அண்ணன் மட்டும் எப்படி வீட்டில் உட்கார்ந்திருப்பான்?

முதல் ஒரு மணி நேரம் எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். பிறகு பாலம் வந்தது. டாடிங் தலையில் என் தொப்பி. அதைத்தான் ஜூன் மாதம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன். காரை மறித்து, பாலம் உடைந்துவிட்டது என்று சொல்லப் பார்க்கிறான். "பா... பா..." கழுத்து ஒரு பக்கம் இழுக்கிறது, கண் மூடிக்கொள்கிறது. என் கழுத்து, என் கண். காருக்குள்ளிருந்து மணிலாக் குடும்பத்து அப்பா கேட்கிறார், "பாம்பா?" அம்மா, "பாதிரியாரா?" பிள்ளைகள், "பாட்டாம்! பாடு, பாடு!" கார் ஆற்றில் விழுகிறது. கொட்டகையே அதிர்ந்தது. எங்கள் வரிசைக்காரர்கள் மட்டும் சிரிப்பதா என்று தெரியாமல் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் சிரித்துவிட்டார்கள்.

இப்போது ரொட்டிக் கடையில் நான் வாயைத் திறந்தாலே, "பா... பாண்டேசால் ரொட்டியா? பாட்டா?" என்கிறார்கள். நெனித்தா உன் கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டாள்.

பள்ளியில் என்னைப்போலப் பேசிக்காட்டியவனின் பல்லை உடைத்தவன் நீ. அந்த நாலு நிமிடத்தை வெட்டிவிடு. வேறெதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

காசிமிரோ


கேசோன் சிட்டி
20 ஆகஸ்ட் 1979

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். வெட்டுவது என் கையில் இல்லை. படத்தை ஓட்டுவதே அந்தக் காட்சிதான் என்கிறார் தயாரிப்பாளர். ஜனங்கள் சிரிப்பது பொறுமையில்லாத பட்டணத்துக் குடும்பத்தைப் பார்த்துத்தான், அந்த மனிதனைப் பார்த்து அல்ல. அந்த மனிதனும் நீங்கள் இல்லை, அண்ணா. அது வெறும் ஒரு பாத்திரம். இன்னும் இரண்டு மாதத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். அண்ணியிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

எஃப்ரென்


லூசெனா, ஆஸ்பத்திரி
9 நவம்பர் 1979

எஃப்ரென்,

இரண்டு மாதம் தாண்டிவிட்டது. யாரும் மறக்கவில்லை.

போன வாரப் புயலில் நம் பாலம் நிஜமாகவே போய்விட்டது. மறுநாள் பிற்பகல் நான்தான் அதை முதலில் பார்த்தேன். மழை விடவில்லை. வெள்ளம் கரைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. டவுன் பக்கமிருந்து ஜீப்னி வரும் சத்தம் கேட்டதும் வளைவுக்கு ஓடிப்போய் இரண்டு கையையும் தூக்கினேன். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தான்.

"பா... பா..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

உள்ளேயிருந்து ஒரு பெண், "ஐயோ, இது அந்த சினிமா ஆளுடி!" என்றாள். "பாம்பாண்ணே?" என்று ஒருவன். "பாடுங்கண்ணே, பாடுங்க!" என்று எல்லாரும். கையைத் தட்டித் தாளம் போட்டார்கள். ஓட்டுநர் சிரித்தபடி என்னைச் சுற்றிக்கொண்டு கிளம்பினான். நான் சக்கரத்துக்கு முன்னால் விழுந்தேன். வேறு வழி தெரியவில்லை.

பதினான்கு பேர். ஒருத்தி மடியில் கைக்குழந்தை. இறங்கிப் பத்தடி நடந்து ஆற்றைப் பார்த்தார்கள். சினிமா ஆள் என்று கத்திய அந்தப் பெண் திரும்பி வந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க சொல்ல வந்தீங்களே, சொல்ல வந்தீங்களே" என்று அழுதாள்.

இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. முன்போல மடங்காதாம். தென்னை ஏற முடியாது.

அது வெறும் ஒரு பாத்திரம் என்று எழுதினாய். இதைத் தெரிந்துகொள். பதில் எழுத வேண்டாம்.

காசிமிரோ


கேசோன் சிட்டி
26 நவம்பர் 1979

அண்ணா,

வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கயிறு எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. நீங்கள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் டவுனுக்கு அனுப்பினேன். உங்கள் பக்கத்தில் உட்காரும்படி டாடிங்கை அனுப்பியதும் நான்தான். தொப்பியை எடுத்ததும் நான்தான்.

கடிதம் வந்த அன்றிலிருந்து தியேட்டர் தியேட்டராக ஏறி இறங்கினேன். மணிலாவில் ஆறு, லூசெனாவில் ஒன்று. ஆபரேட்டர்களிடம் கெஞ்சி, என் கையாலேயே அந்தக் காட்சியை வெட்டி எடுத்தேன். தயாரிப்பாளர் என்னை வெளியே அனுப்பிவிட்டார். இனி எனக்குப் படம் வராது. செபுவுக்கும் தாவாவோவுக்கும் போன பிரதிகள் என் கைக்கு எட்டவில்லை. அங்கே இன்றைக்கும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

லூசெனாவில் வெட்டிய அன்று ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தேன். அண்ணி மருந்துச் சீட்டோடு வெளியே வந்தார்கள். மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

எஃப்ரென்


மௌபான்
5 டிசம்பர் 1979

எஃப்ரென்,

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டேன். மரத்துக்குப் பின்னால் நின்றவனை நெனித்தா அன்றே பார்த்துவிட்டாளாம். என்னிடம் சொல்ல அவளுக்கு இத்தனை நாள் ஆயிற்று.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் குறையவில்லை. அதை எழுதித் தீர்க்கப் போவதும் இல்லை. எழுதினால் மளமளவென்று வந்துவிடுகிறது, உனக்கும் சுலபமாகப் போய்விடும். வாயால் சொல்லப் போகிறேன். நீ எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். எந்த வார்த்தையையும் நீ எடுத்துக் கொடுக்கக் கூடாது.

வேலை இல்லை என்கிறாய். நல்லதாய்ப் போயிற்று. திரும்பிப் போகிற தேதி குறிக்காமல் வா. எனக்குச் சொல்லி முடிக்க நாளாகும்.

காசிமிரோ