பழத்துக்குப் போட்ட ஓட்டு

என் உள்துறை அமைச்சருக்கு,

நீயும் பிள்ளைகளும் நலம்தானே? அப்பாவின் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த நாட்டில் நாளை தேர்தல். பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போடும் மறைப்புகளை எங்கள் தச்சுப்பட்டறை ஆட்கள்தான் அடித்து நிறுத்தினோம். ஒத்திகைக்கு ஆள் வேண்டுமென்று அதிகாரி என்னை உள்ளே அனுப்பினார். சீட்டில் தலைவர்களுக்குப் பதில் ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், வெகுநேரம் யோசித்துக்கொண்டு நின்றேன்.

“என்னப்பா, பழக்கடைக்கா வந்திருக்கே? சீக்கிரம் குத்திட்டு வா!” என்றார் அதிகாரி.

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கடைசியில் உனக்குப் பிடித்த திராட்சைக்கு முத்திரை குத்திப் பெட்டியில் போட்டேன். பெட்டி சரியாக இருக்கிறதென்று பார்த்ததும் அதிகாரி என் கண்ணெதிரேயே சீட்டை எடுத்துக் கிழித்துப் போட்டார்.

இங்கே வரி பிடிக்க மட்டும் நான் வேண்டும், ஓட்டுப் போட வேண்டாம். அங்கேயோ, வெளியூர் போய்விட்டான் என்று வாக்காளர் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டதாக எழுதியிருந்தாய். போகட்டும், அதற்காக யாரிடமும் மல்லுக்கு நிற்காதே. அடுத்த மாதம் நம் தேர்தலில் உன் ஓட்டை மட்டும் விட்டுவிடாதே. வெயில் ஏறுவதற்குள் போய் வா.

மேஸ்திரி கத்துகிறார், முடிக்கிறேன். ஓட்டுப் போட்டதும் மை வைத்த விரலைப் படமெடுத்து அனுப்பு. விரல் மட்டும் போதாது, கை முழுக்கத் தெரியட்டும்.

உன்னவன்