செவ்வாய்க்கிழமைப் படகு

பேர்ண், சுவிஸ்
ஞாயிறு காலை

அன்பு மகள் சிவதர்சினிக்கு,

நானும் அம்மாவும் தம்பி சாயிசனும் இங்கே சுகம். நீயும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் மருமகன் விஜிதரனும் சுகமாக இருக்க முருகன் துணை. ஸ்கொட்லாந்துக் கடலில் இருக்கும் உன் தீவைப் பற்றி நீ எழுதிய நான்கு பக்கங்களையும் நானே வாசித்து முடித்தேன், ஒருவரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. பெரியவர்களுக்கு எழுத்துப் படிப்பிக்கும் கோயில் வகுப்பில் செல்வராணி ரீச்சர் முதல் பக்கத்தை உரத்து வாசிக்கச் சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள். நீளம் ஐந்து கிலோமீற்றர், அகலம் இரண்டு, காற்று வளரவிடாததால் ஒரு மரமும் இல்லை, சுற்றிவர இளஞ்சூடான நீரோட்டம் போவதால் மாரியிலும் பனி தங்காது, கோடையிலும் பதினைந்து பாகைக்கு மேல் ஏறுவது குறைவு என்று வாசிக்க எனக்குச் சந்தோசம். முப்பது வருடம் இங்கே பனியில் வழுக்கி விழுந்து சமையல்கூட வேலைக்குப் போனவன், பனி இல்லாத இடத்தில் என்ன பயம் என்று நினைத்துவிட்டேன்.

கடைசிப் பக்கத்தை நேற்றுத்தான் முடித்தேன். இறங்குதுறை தென்கிழக்கில் மட்டும், மற்றப் பக்கமெல்லாம் செங்குத்துப் பாறை, தென்கிழக்குக் காற்று எழும்பினால் படகு கட்ட முடியாது, போன வருடம் பதினாறு நாள் ஒன்றும் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரி கடலுக்கு அந்தப் பக்கம். உனக்கு எட்டு மாதம் முடியப்போகிறது. அம்மாவிடம் சொன்னேன். "புதன்கிழமை தென்கிழக்குக் காத்து எழும்புமெண்டு அவள் முந்தநாளே போனில சொன்னவள். நீங்கள்தானே செவ்வாய் அட்டமி, வெள்ளிதான் வெளிக்கிட வேணுமெண்டு சத்தம் போட்டனீங்கள். வாசிக்கப் பழகின நாளிலயிருந்து பஞ்சாங்கமும் கையுமாத் திரியிறியள்" என்று சொல்லிவிட்டுப் பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டாள். அவள் சொன்னது சரி. காற்றை அளப்பதே உன் வேலை, புதன்கிழமை என்ன வரும் என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியும், தெரிந்தும் அப்பா சொன்ன நாளுக்காகக் காத்திருக்கிறாய். அதை நினைத்ததும் பேனையை எடுத்துவிட்டேன், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள். போனில் கதைத்தால் பழையபடி ஏதாவது சொல்லிவிடுவேன், அதனால் எழுதுகிறேன், சாயிசன் இதைப் படமெடுத்து இப்போதே அனுப்புவான். நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமைப் படகில் ஏறு. மருமகனுக்கு லீவு கிடைக்காவிட்டாலும் நிற்காதே. அம்மா நாளைக்கே வெளிக்கிட்டு ஆஸ்பத்திரி இருக்கும் பட்டினத்துக்கு வருகிறாள்.

டொக்டர் பதிந்து தந்த கொப்பியையும் இரத்தம் ஊறக் குடிக்கும் குளிசையையும் மறக்காதே, துறையில் வழுக்காத சப்பாத்துப் போடு. நீயும் பிள்ளையும் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். அட்டமியில் வெளிக்கிட்டதற்குக் குற்றம் ஏதும் உண்டென்றால் அது உனக்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை. போகச் சொன்னவன் நான், கீழே பெயர் எழுதியிருக்கிறேன்.

உன் அப்பா
கந்தையா ஜெகதீஸ்வரன்