ரஞ்சிதத்தின் பெயரில் என் கை

ஐதராபாத்
5-8-1987

நைனாவுக்கு குமுதா கும்பிட்டு எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? நான் சுகம். நாளெல்லாம் நின்றே வேலை என்பதால் என் கால்கள்தான் என்னோடு பேசுவதில்லை.

காலேஜிலிருந்து இந்தத் தடுப்பூசிக் கம்பெனிக்குப் பயிற்சிக்கு வந்த பன்னிரண்டு பேரும் போன வாரம் கை கழுவி, சுத்தமா என்று பார்க்க ஆளுக்கொரு கிருமி வளர்க்கும் தட்டில் விரல் பதித்தோம். கை சும்மா இருக்குமா? என் பெயர்ச்சீட்டையும் அவலூர்பேட்டை ரஞ்சிதத்தின் சீட்டையும் மாற்றி ஒட்டினேன். மூன்றாம் நாள் அவள் பெயர் ஒட்டிய தட்டில் கிருமி கொழித்திருந்தது. பயிற்சி தரும் மேடம் அவளை ஊருக்குக் கிளம்பச் சொல்லிவிட்டார்.

"நல்லாத்தானேடி கழுவுனேன்?" என்று அழுதாள். அவளிடம் உண்மையைச் சொன்னேன்.

"இன்னாடி, எம்பொழப்புலயா வெளையாடுவே?" என்றாள். அதன்பின் பேசவில்லை.

கைசுத்தமான குடும்பம் என்பீர்களே, என் கையில் கிருமி குடித்தனம்! மேடத்திடமும் ஒத்துக்கொண்டதால் ரஞ்சிதம் இங்கேயே இருக்கிறாள்; மாதக் கடைசியில் எனக்கு இன்னொரு தட்டு உண்டு. பத்துப் பேர் தேறினால்தான் திண்டிவனத்தில் கிளை திறப்பார்களாம். ரஞ்சிதத்தோடு ஒன்பது பேர் தேறியாயிற்று. திறந்தால் தினமும் சாயங்கால பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

நகவெட்டி அனுப்புங்கள். சோப்பில் கை வெடித்திருக்கிறது, தேங்காயெண்ணெயும் வேண்டும். முறுக்கு இரண்டு பேருக்கு வையுங்கள், ரஞ்சிதம் வாங்கிக்கொண்டாலும் கொள்வாள். ஷிப்ட் மணி அடிக்கிறது, மறுபடி கை கழுவப் போகிறேன்.

உங்கள் குமுதா