வெளியேறிய நேரம்: ஐந்து

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

அன்று விசாரணைக் குழுவின் முன் நான் சொல்லாததை முதலில் எழுதிவிடுகிறேன்.

"அந்தப் பொண்ணு அஞ்சு மணிக்கே கிளம்பினதா பதிவேட்டுல இருக்கு. நீ பார்த்தியாம்மா?" என்று தலைவி கேட்டார். அந்தக் கையெழுத்தைப் போட்டது நான்தான் என்று சொல்லவில்லை. "கவனிக்கலை மேடம்" என்றேன்.

ஆய்வகத்தில் முதலில் கிளம்புகிறவர் அடுத்தவருக்கும் சேர்த்துப் போட்டுவிடுவது நம் பழக்கம்தானே. சம்பவம் நடந்த அன்றும் போட்டேன். நீ உள்ளே நுண்ணோக்கியில் குனிந்திருந்தாய். படியில் நம் பேராசிரியர் எதிரே வந்தார். "மேல யாரு இருக்கா?" என்றார். "அவ மட்டும்தான் சார்" என்றேன். இதையும் நான் குழுவிடம் சொல்லவில்லை.

அவர் கதவைத் தாழிட்டு உன்னிடம் தவறாக நடந்துகொண்டதை நீ எழுதிக் கொடுத்தாய். அறையில் யாருமே இல்லை என்றார் அவர். பதிவேடு அவர் பக்கம் பேசியது. அவர்தான் எனக்கும் வழிகாட்டி. கள்ளக் கையெழுத்து என்று தெரிந்தால் என் ஆய்வு போய்விடும் என்று பயந்தேன். நீ விடுதி அறையைக் காலி செய்தபோது உன் புத்தகக் கட்டுக்குக் கயிறு பிடித்துக் கொடுத்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

உன் முகத்தில் விழிக்க வெட்கப்படும்,
புழு

மார்ச் 19

புத்தகப் புழுவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நிஜமாகவே ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்திருந்ததடி. "போனது போகட்டும், வாயை மூடிட்டு இரு" என்கிறாள் அம்மா. எனக்குப் போய் இந்தத் தண்டனை.

மன்னிப்பை எனக்கு எழுதி என்ன பிரயோஜனம்? குழுவுக்கு எழுது.

வாயாடி

ஜூலை 1

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். தலைவி படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அவ இங்கயே இருந்திருப்பாளேம்மா" என்றார்.

நீ தொலைபேசியில் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னாயாம். அதன் பிறகு இன்னும் இரண்டு மாணவிகள் வந்து பேசினார்கள். பேராசிரியரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். என் ஆய்வை ஆறு மாதம் நிறுத்தியிருக்கிறார்கள், குறைவுதான்.

நீ திரும்பி வருவதற்காக வேறு வழிகாட்டி, தனி அறை, வாரம் ஒருமுறை பேச ஓர் ஆலோசகர் என்று எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார்கள். நேற்று மாலைவரை உன் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள்.

நீ வரவில்லை.

புழு