இரண்டு தரம் கூப்பிட்ட குரல்

மே 12, 2007. சனி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. குருசுக்குப்பத்தில் கடலை ஒட்டி இருந்தும் காற்றே இல்லை. பெரிய மார்க்கெட்: வஞ்சிரம் அரைக் கிலோ, கொத்தமல்லி, பினாயில் (மறந்தாச்சு). பக்கத்து சிடி கடையில் 'விளக்குக் கோட்டை' கிடைத்தது. மூன்று மந்திர நாவல்களை வைத்து எடுத்த டிவி தொடர், பதினாறு வருஷப் பழசு. "யாரும் கேக்கறதில்லக்கா, எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். வாங்கியிருக்கக் கூடாது.

மே 13, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து நான்கு பாகம் பார்த்தேன். கோட்டைச் சுவர் வெறும் அட்டை. ராணி நடந்தால் ஆடுகிறது. ஐந்தாவதைப் போடவில்லை. பயம்தான்.

ஒரு தடவையாவது எழுதி வைக்கிறேன். அன்று எனக்கு ஒன்பது வயது, ரொபேர் அண்ணனுக்குப் பதினான்கு. அம்மா மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். டிவியில் ஐந்தாம் பாகம் ஓடுகிறது. கதையில், இருட்டில், வாசலுக்கு வெளியே, ஏதோ ஒன்று ஒரு பெண்ணை அவள் அப்பா குரலில் கூப்பிடுகிறது. அதே நேரம் எங்கள் வீட்டுக் கேட்டில் எங்கள் அப்பா, பப்பாவின் குரல்: "லில்லி."

எழுந்தேன். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான். "போவாத. மூணு தரம் கூப்பிட்டாத்தான் ஏன்னு கேக்கணும்னு அம்மா சொல்லியிருக்கு இல்ல? பேய்க்கு மூணாவது தரம் கூப்பிட வராது. நான் நாவல்ல படிச்சிட்டேன், தொறந்தா அந்தப் பொண்ணு செத்துடும்."

மறுபடி, "லில்லி."

மூன்றாவது வரவில்லை. டிவியை அணைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்தோம். அம்மா வந்தபோது பப்பா கேட்டடியில் விழுந்து கிடந்தார், கையில் ரொட்டிப் பை. மாரடைப்பு. அவர் கூப்பிட்டதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

மே 14, திங்கள்

ஆபீஸ் லீவு. பார்த்துவிட்டேன்.

அந்தப் பெண் முதல் கூப்பாட்டிலேயே கதவைத் திறக்கிறாள். வெளியே அவள் அப்பாதான், உடம்பெல்லாம் காயம். தண்ணீர் கொடுக்கிறாள். பிழைத்துக்கொள்கிறார்.

டீ ஆறிப்போனது. கேட் கொண்டி இரண்டு தரம் தட்டியது. போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை, காற்றும் இல்லை.

சாயங்காலம் பிரான்சிலிருந்து அண்ணன் போன். சிடி வாங்கியதை நேற்றே அவனிடம் சொல்லியிருந்தேன்.

"பாத்தியா?"

"பாத்தேன். தொறக்கறா அண்ணே. அவ அப்பாதான். நாவல்ல படிச்சேன்னியே?"



"படிக்கவே இல்ல லில்லி. எனக்கு பயமா இருந்துச்சு."

வைத்துவிட்டான். கோபம் வந்தது. பதினான்கு வயதுப் பிள்ளைதானே என்றும் வந்தது. அழுதேன்.

மே 15, செவ்வாய்

மேகமூட்டம், புழுக்கம். தலைவலி, வேலைக்குப் போகவில்லை. பினாயில் இன்றும் வாங்கவில்லை.

பகல் இரண்டு மணி. தெருவில் நாய்கூட இல்லை. கேட்டில் யாரோ "லில்லி" என்கிறார்கள். டிவி அணைந்துதான் இருக்கிறது. அம்மா போய் ஆறு வருஷம். ஆபீசில் மேடம், தெருவில் அக்கா. இந்த ஊரில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட யாரும் மிச்சமில்லை.

மறுபடி.

மூன்றாவதுக்குக் காத்திருக்க மாட்டேன். வரேன் பப்பா