பத்து நொடி

இன்று காலை மின்சாரம் போய் வந்தது. கணினி தானாக உயிர்பெற்று, கறுப்புத் திரையில், எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் அந்த இரண்டு வரிகளைக் காட்டியது. மேலே உன் லினக்ஸ், கீழே என் விண்டோஸ். அடியில் பத்து, ஒன்பது, எட்டு. யாரும் தேர்ந்தெடுக்காவிட்டால் மேலே இருப்பது திறந்துகொள்ளும். நான் குடையை மாட்டிவிட்டு வருவதற்குள் உன்னுடையது திறந்து கடவுச்சொல் கேட்டது. எனக்குத் தெரியாது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

உப்பளத்தின் இந்த அறையில், இந்த ஒரே கணினியில்தான் நாம் இருவரும் பிரெஞ்சுப் பிறப்புச் சான்றுகளையும் திருமணப் பதிவுகளையும் தமிழாக்கினோம். காலையில் நீ, மதியத்துக்குமேல் நான். அமைத்தவள் நீ என்பதால் உன்னுடையது மேலே. முணுமுணுத்தால், "கீழ் அம்புக்குறிய ஒரு தட்டு தட்டினா கொறஞ்சா பூடுவ, மதாம்?" என்பாய்.

நீ சிகிச்சைக்குப் போன மாதங்களில் எல்லா வேலையும் என் தலையில். அந்த ஒரு தட்டுகூட எரிச்சலூட்டியது. சர்வீஸ் ஆளிடம் சொன்னேன். அவர் விண்டோஸை முதல் தேர்வாக்கி, காத்திருக்கும் நேரத்தையும் பூஜ்யமாக்கிவிட்டுப் போனார். நீ திரும்பி வருவாய் என்று நான் நம்பவில்லை. இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

வந்தாய். படியேறிய மூச்சு அடங்கவே நேரமாயிற்று. பொத்தானை அழுத்தினாய். பட்டியலே வரவில்லை, நேராக என் திரை.

"பத்து நொடிகூட குடுக்க மாட்டியாடி?"

"சர்வீஸ் ஆளு பண்ணிட்டாரு" என்றேன். பொய்யில்லை. உண்மையுமில்லை.

மறுபடி போட்டு, ஏதோ ஒரு விசையைப் பிடித்தபடி உன் பக்கத்துக்குள் போனாய். கடவுச்சொல்லை அடிக்கும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். விரல் நடுங்கியதால் அமைப்புக் கோப்பை என்னையே திருத்தச் சொன்னாய். நேரத்தைப் பத்தாக்கினேன். முதல் தேர்வு என்ற இடத்தில் ஏற்கெனவே ஒன்று என்று இருந்தது.

"உன்னுதுதானே முதல் வரி? ஒண்ணுன்னே இருக்கே, சரிதானே?"

"எம்.ஏ. படிச்சவளே, இது பூஜ்யத்துலருந்து எண்ணும். ஒண்ணுன்னா நீ. நான் பூஜ்யம்."

சிரித்தாய், சிரிப்பு இருமலானது. நான் பூஜ்யம் அடித்தேன்.

அதன்பின் நீ இந்த நாற்காலியில் உட்காரவில்லை.

போன வாரம் சர்வீஸ் ஆள் கேட்டார்: "யாரும் தொறக்காததை எதுக்கு வெச்சிருக்கீங்க மேடம்? எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும்" என்றேன். நீ எங்கிருந்தோ பார்க்கிறாய் என்றெல்லாம் நான் நினைப்பதில்லை, உனக்கே தெரியும். களைப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தினமும் அந்த எண்கள் இறங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வந்தபிறகுதான் கீழ் அம்புக்குறியைத் தட்டுகிறேன்.