மஞ்சள் பையில் பெயர் எழுதுவதில்லை

அன்புள்ள அம்பாரோ,

மலை மேலே உன் புது சுகாதார நிலையத்துக் கூரை ஒழுகாமல் இருக்கட்டும். அங்கே தொலைபேசி எடுக்காது என்பதால், தடுப்பூசி வண்டி ஓட்டும் தீனோவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு ஜோடி கம்பளிக் கையுறை. நாளை மறுநாள் அவன் இறங்கும்போது பதிலைக் கட்டாயம் கொடுத்தனுப்பு.

நேற்று முதல் வேலைக்கு வருகிறேன். இன்னும் கொஞ்சம் ஓய்வெடுத்திருக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வீட்டில் இருக்க முடியவில்லை. இலாரியோ தொட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. பால்தான் இன்னும் வற்றவில்லை.

நேற்று காலை வாசலிலேயே பெத்துல் நின்றிருந்தார். ஷுன்காவின் கணவர். எனக்கு வலி கண்ட அன்று பக்கத்துக் கட்டிலில் இருந்தாளே, அவள்தான். அவர்களுடைய பெண் குழந்தை பால் குடிப்பதில்லையாம். எடை இறங்கிக்கொண்டே போகிறது. டாக்டர் சோதித்துவிட்டு நோய் ஒன்றுமில்லை என்கிறார். பெத்துலுக்குக் காரணம் தெரியும். "அதை அடுப்படியில புதைக்கலை நர்ஸம்மா. எங்க நிக்கிறதுன்னு தெரியாம புள்ள அலையுது. நஞ்சுக்கொடியைக் குடுங்க, வேற ஒண்ணும் கேக்கலை" என்றார்.

தேநீர் வேளையில் இதே பேச்சுதான். டாக்டர் பாரியெந்தோஸ், "இன்னைக்கு நஞ்சுக்கொடி, நாளைக்குக் குடல்வால். அப்புறம் வெட்டின நகத்தையும் கேப்பாங்க" என்றார். யெசேனியா, "கிணத்துப் பக்கம் புதைச்சு ஊருக்கே வயித்தால போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டாள். கழிவுக் கிடங்கின் சாவி வைத்திருக்கும் நிக்காந்த்ரோ, "அடுப்புக்கிட்ட கிணறு எந்த ஊர்லம்மா இருக்கு? லாரியில ஏத்தி எங்கயோ எரிக்கிறாங்களே, அந்தப் புகை மட்டும் யாரு மூக்குல ஏறுது?" என்றார். முன்பெல்லாம் நான் டாக்டர் பக்கம் பேசியிருப்பேன். கத்தரித்ததும் அது கழிவு, கழிவுக்கு மஞ்சள் பை, அவ்வளவுதான். நேற்று வாயே திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து டாக்டரும் அடங்கிவிட்டார். "லாரி வர்றதுக்குள்ள எடுத்துட்டுப் போகச் சொல்லு. நான் பார்க்கலை" என்றார்.

ஆசிரியர்கள் சாலையை மறித்திருப்பதால் போன வார லாரி இன்னும் வரவில்லை. சனிக்கிழமை மறியலை எடுத்துவிடுவார்கள் என்கிறார்கள். நிக்காந்த்ரோ குளிர்பெட்டியைத் திறந்துவிட்டார். உள்ளே இரண்டு மஞ்சள் பைகள். இரண்டிலும் ஒரே தேதி, ஒரே பிரசவ அறை, உன் கையெழுத்து. ஒரே மாதிரி முடிச்சு.

பெயர் எழுதாதே என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. உயிரோடு இருக்கும் ஒருத்தியின் பெயர் நெருப்பில் போகக்கூடாது என்று. எந்தச் சட்டத்திலும் இல்லாத மரியாதை. அதனால்தான் இப்போது எது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை.

கட்டிய பையைப் பிரிக்கக் கூடாது என்கிறார் நிக்காந்த்ரோ. பிரித்தால் எனக்கு ஒருவேளை தெரிந்துவிடும். கை முடிச்சு வரை போனது. அதற்கு மேல் போகவில்லை. அந்தப் பெட்டியின் இரைச்சல் வீட்டுக்கும் என்னோடு வந்துவிட்டது அம்பாரோ. இலாரியோ மூச்சுவிடுவதற்கு நடுவில் அதுதான் கேட்கிறது.

உள்ளே இரண்டு இருப்பதைப் பெத்துலிடம் மறைக்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னொண்ணு யாரோடதுன்னு கேக்க மாட்டேன். அந்தப் புள்ள இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப மாத்திக் குடுத்துறாதீங்க நர்ஸம்மா. செத்த புள்ளயோடதை அடுப்படியில வச்சா, அது எம்புள்ளயக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும்" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "அந்த அம்மாவுக்கும் ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார். சனிக்கிழமை காலையில் வரச் சொல்லி அனுப்பினேன்.

ஒரு பை பின்சுவரை ஒட்டி இருக்கிறது. மற்றது கதவுப் பக்கம். அன்று மதியம் ஷுன்காவுக்குப் பிறந்தது. எனக்கு அதற்குப் பிறகு. முதலில் வைத்தது உள்ளே போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் நீ இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோயிருக்கலாம். என் கையை விட்டு நீ எப்போது எழுந்து போனாய் என்பதே எனக்கு நினைவில்லை.

யோசித்துப் பார். சுவர்ப் பக்கமா, கதவுப் பக்கமா? நினைவில்லை என்று மட்டும் எழுதிவிடாதே. உனக்கே தெரியாவிட்டாலும் ஒன்றைச் சொல். பேனாவை அழுத்தி, அடித்துத் திருத்தாமல் எழுது. நான் பெத்துலின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மற்றதை லாரிக்குக் கொடுக்கப்போவதில்லை. இன்று காலை இலாரியோ கொல்லையில் எலுமிச்சைக்குப் பக்கத்தில் ஒரு குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

கையுறையைப் போட்டுக்கொள். உன் ஞாபகத்துக்குக் கடவுள் துணையிருக்கட்டும்.

உன்
ஒத்தீலியா